கம்யூனிட்டி தியேட்டர் மியூசிக்கலுக்கு ஆடிஷன்: அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் நடுத்தர ஊர்களில்கூட ஒரு நாடகக் குழு இருக்கும். பகலில் வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை பார்ப்பவர்கள் மாலையில் கூடி ஒத்திகை பார்த்து ஆண்டுக்குச் சில நாடகங்கள் போடுவார்கள். அவற்றில் ஒன்றாவது பாட்டும் நடனமும் வசனமும் கலந்த மியூசிக்கலாக இருக்கும். நம்மவர்களில் பாடத் தெரிந்தவர்களுக்கும் ஆடத் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் சில மியூசிக்கல்களில் கோரஸில் பாடியிருக்கிறேன், ஆடிஷன் நாட்களில் பதிவு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மேடையேறியதே இல்லை. நேராக ஆடிஷனுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். முதல்முறை வருபவர்கள் ஒவ்வொரு ஆடிஷனிலும் இருப்பார்கள். படிவத்தில் 'அனுபவம்' என்ற இடம் காலியாக இருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கோயில் விழாவில் பாடியது, கல்லூரி நாடகம், தமிழ்ச் சங்க நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியது எல்லாமே அனுபவம்தான், எழுதுங்கள்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா கம்யூனிட்டி பிளேஹவுஸ் என்று ஒரு குழு 1924இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அங்கே நடித்துக்கொண்டிருந்த டோடி பிரான்டோ, 1925இல் தன் தோழியின் இருபது வயது மகனை நடிக்க வரும்படி இழுத்து வந்தார். அந்தப் பையன்தான் ஹென்றி ஃபோன்டா. டோடியின் சொந்த மகன் மார்லன் பிரான்டோ. எல்லோரும் அப்படி ஆவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. கூப்பிட்டதால் சும்மா வந்து பார்த்தவர்களை வைத்துத்தான் இந்தக் குழுக்கள் அன்றைக்கும் இன்றைக்கும் ஓடுகின்றன.

சம்பளம் உண்டா? யூனியன் உறுப்பினராக வேண்டுமா?

சம்பளம் கிடையாது. ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்பது 1913இல் தொடங்கிய தொழில்முறை நடிகர்களின் சங்கம். கம்யூனிட்டி தியேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில குழுக்கள் உறுப்பினர் கட்டணமாகவோ பங்கேற்புக் கட்டணமாகவோ ஒரு தொகை வாங்கும். சிறுவர் நாடகங்களில் இது அதிகம். காலணி, மேக்கப் போன்றவற்றை நீங்களே வாங்க வேண்டியிருக்கலாம். பெரியவர்களிடம் ஆடிஷன் கொடுப்பதற்கே பணம் கேட்டால், அந்தக் குழுவைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

எச்1பி, எச்4 விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாப நோக்கமற்ற குழுவில் தன்னார்வலராக நடிப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. பெட்ரோல் செலவுக்கென்று சின்னத் தொகை தருகிறோம் என்றால்கூட, வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அறிவிப்பில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பாத்திரங்களின் வயது வரம்பு, குரல் வகை, ஆடிஷன் தேதி, சிலரை மட்டும் மீண்டும் கூப்பிட்டுப் பார்க்கும் கால்பேக் தேதி, ஒத்திகை தொடங்கும் நாள், நிகழ்ச்சி நாட்கள். முன்பதிவு செய்து குறித்த நேரத்துக்குப் போக வேண்டுமா, எப்போது வேண்டுமானாலும் போய் வரிசையில் உட்காரலாமா என்பதும் அதிலேயே இருக்கும். எத்தனை பார் பாட வேண்டும், பியானோ வாசிக்க ஆள் இருப்பாரா, டிராக் (பின்னணி இசைப் பதிவு) கொண்டுவர வேண்டுமா என்பதை இரண்டு முறை படியுங்கள். அறிவிப்பில் இருப்பதைத் திரும்ப மின்னஞ்சலில் கேட்பவர்களின் பெயர் தயாரிப்பாளருக்கு நன்றாக நினைவிருக்கும், நல்ல விதத்தில் அல்ல.

சில பாத்திரங்களுக்கு முன்பே ஆள் எடுத்திருப்பார்கள். நேர்மையான குழு அதை அறிவிப்பிலேயே சொல்லிவிடும். சொல்லாமல் செய்கிற குழுக்களும் உண்டு. ஒரே ஆட்கள் ஆண்டு முழுக்க முக்கிய வேடங்களில் வருகிறார்களா என்று பழைய நிகழ்ச்சிகளின் புகைப்படங்களைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்?

நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வாரம் ஒத்திகை, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மாலைகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மணி நேரம். கடைசி வாரத்தை டெக் வீக் என்பார்கள். ஒளி, ஒலி, மைக், உடை, மேடை மாற்றம் எல்லாம் முதல்முறையாக ஒன்றுசேரும் வாரம் அது. தினமும் போக வேண்டும், வீடு திரும்ப இரவு 11 ஆகலாம். அதற்கு அப்புறம் இரண்டு மூன்று வார இறுதிகளில் நிகழ்ச்சி. வீட்டில் பேசி முடித்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். மனைவியோ கணவரோ "எட்டு வாரமா?" என்று டெக் வீக்கில் முதல்முறையாகக் கேட்கும் நிலை வரக் கூடாது.

'கான்ஃப்ளிக்ட்ஸ்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? நிறைய எழுதினால் எடுக்க மாட்டார்களே?

படிவத்திலேயே முக்கியமான கட்டம் இதுதான். ஒத்திகைக்கு வர முடியாத நாட்களை இங்கே எழுத வேண்டும். தேர்வு நடக்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் இதன் கனம் புரியும். ஒரே வேடத்துக்கு இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருந்தால், மேடை மேலாளர் இருவருடைய படிவத்தையும் திருப்பி இந்தக் கட்டத்தைத்தான் வாசித்துக் காட்டுவார். முடிவு பல நேரம் அங்கேயே ஆகிவிடும்.

அதற்காக மறைக்காதீர்கள். அக்டோபரில் கொலு, நவம்பர் வாக்கில் தீபாவளி, டிசம்பரில் சென்னைப் பயணம் என்று நம் நாட்காட்டி அவர்களுடைய இலையுதிர்கால நாடகத்தோடும் கிறிஸ்துமஸ் நாடகத்தோடும் நேராக மோதும். ஒத்திகை அட்டவணையை அவர்கள் இந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். "தீபாவளி மாலை வர இயலாது" என்று முன்பே எழுதினால் அன்றைக்கு நீங்கள் இல்லாத காட்சியை வைத்துக்கொள்வார்கள். நவம்பர் முதல் வாரத்தில் போய்ச் சொன்னால் எல்லோருக்கும் சங்கடம். டெக் வீக்கிலோ நிகழ்ச்சி நாட்களிலோ ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால் அந்த நாடகத்துக்குப் போகாதீர்கள், அடுத்ததைப் பாருங்கள். அரங்கேற்றம், கல்யாணம், குழந்தையின் நீச்சல் போட்டி எதையும் விடாமல் எழுதுங்கள்.

அதே படிவத்தில் 'எந்த வேடம் கொடுத்தாலும் ஏற்பீர்களா' என்றும் கேட்பார்கள். முக்கிய வேடம் இல்லாவிட்டால் வேண்டாம் என்பதுதான் உண்மை நிலை என்றால் அப்படியே எழுதுங்கள், தப்பில்லை. ஏற்பேன் என்று எழுதிவிட்டுப் பெயர்ப்பட்டியல் வந்ததும் விலகுவதுதான் தப்பு. முடி வெட்டச் சம்மதமா, மேடையில் முத்தக் காட்சி இருந்தால் சரியா என்ற கேள்விகளுக்கும் 'இல்லை' என்று எழுதலாம்.

பதினாறு பார் என்றால் எவ்வளவு நீளம்?

பார் என்பது மேற்கத்திய இசையில் ஒரு தாள வட்டம். நாலு அடி கொண்ட பார் 16 என்றால் 64 அடிகள். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் 32 வினாடி, 80 அடி என்றால் 48 வினாடி. மொத்தத்தில் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. 32 பார் என்றால் அதன் இரட்டிப்பு. ஒன்றிரண்டு பார் கூடினால் யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள், வாக்கியம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

பாட்டின் தொடக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலான பாட்டுகளில் கடைசிப் பகுதிதான் உயர்ந்து போய் முடியும், அதை எடுப்பவர்கள் அதிகம். ஆனால் வெறும் உச்ச ஸ்தாயியை மட்டும் வெட்டி எடுத்தால் கத்தல்தான் மிஞ்சும். அந்தத் துண்டுக்குள் பாத்திரத்துக்கு ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். ஒரு முடிவெடுக்க வேண்டும், ஒன்றைக் கேட்க வேண்டும், மனம் மாற வேண்டும்.

எந்தப் பாட்டைப் பாடுவது? தமிழ்ப் பாட்டு பாடலாமா?

அறிவிப்பில் 'மியூசிக்கல் பாட்டு' என்று இருந்தால் அதைத்தான் பாட வேண்டும். 'எந்தப் பாட்டும் பாடலாம்' என்று இருந்தாலும் தமிழ்ப் பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொழி காரணமில்லை. ஆங்கிலச் சொற்களை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க வேண்டும், அதுதான் மேடையில் நடக்கப்போவது. பியானோக்காரருக்கு வாசிக்கத் தாளும் வேண்டும்.

போடப்போகும் நாடகத்தின் பாணிக்குப் பொருந்துகிற வேறொரு நாடகத்தின் பாட்டு நல்லது. 1940களிலிருந்து 60கள் வரையிலான பழைய பாணி நாடகம் என்றால் அந்தக் காலத்துப் பாட்டு, ராக் பாணி என்றால் ராக். அவர்களே கேட்டாலொழிய அதே நாடகத்திலிருந்து பாட வேண்டாம். அந்தப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று இயக்குநர் மனத்தில் ஏற்கனவே ஒரு வடிவம் இருக்கும், அதோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கும். சென்ற ஆண்டு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பாடித் தீர்த்த பாட்டையும் விட்டுவிடலாம். உங்கள் வயதுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். நாற்பது வயதுக்காரர் பதினாறு வயதுப் பெண்ணின் காதல் ஏக்கத்தைப் பாடினால் குரல் நன்றாக இருந்தும் எந்த வேடத்தில் பொருத்துவது என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தேர்வு செய்பவர்களுக்குத் தெரியாது.

ஷீட் மியூசிக் வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கவே தெரியாதே?

நீங்கள் படிக்க வேண்டியதில்லை, பியானோ வாசிப்பவர் படித்தால் போதும். பியானோவின் இரு கைகளுக்கும் குரலுக்கும் சேர்த்து எழுதிய தாள் வேண்டும். வெறும் கார்ட் (chord, ஸ்வரக் கூட்டு) பெயர்கள் மட்டும் உள்ள தாள் உதவாது. மியூசிக்நோட்ஸ் போன்ற தளங்களில் விலைக்கு வாங்கும்போதே வேண்டிய சுருதிக்கு மாற்றி இறக்கிக்கொள்ளலாம்.

இருபக்கமும் அச்செடுத்து மூன்று வளையக் கோப்பில் போடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை விளக்கொளியில் கண்ணைக் கூசும். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பெரிதாகக் குறியுங்கள். இடையில் ஒரு பகுதியைத் தாண்டுவதாக இருந்தால், அந்தப் பகுதியை வெட்டி ஒட்டி, கண் நேராக ஓடும்படி செய்துவிடுங்கள்.

உள்ளே போனதும் முதலில் பியானோக்காரரிடம் போங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுங்கள். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்காதீர்கள், அது நாயைக் கூப்பிடுவது போலப் படும். முதல் வரியை மெதுவாக அவர் காதுக்கு மட்டும் பாடிக் காட்டினால் வேகம் புரிந்துவிடும். அந்த இடத்திலேயே 'ஒரு கட்டை இறக்கி வாசியுங்கள்' என்று கேட்க வேண்டாம். பாடும்போது அவர் தப்பாக வாசித்தாலும் திரும்பி முறைக்காதீர்கள், அவரைப் பொருட்படுத்தாமல் பாடிக்கொண்டே போங்கள். முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். அவர் பல இடங்களில் இசை இயக்குநரின் நெருங்கிய நண்பராகவோ, சில இடங்களில் இசை இயக்குநராகவே கூடவோ இருப்பார்.

டிராக் கொண்டுவரச் சொன்னால், குரல் இல்லாத டிராக்கைக் கைப்பேசியிலேயே சேமித்துக்கொள்ளுங்கள், அரங்கில் இணைய இணைப்பு கிடைக்காமல் போகலாம். ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

என் சுருதி ஐந்து கட்டை. 'குரல் வரம்பு' என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும்?

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் கட்டைக் கணக்கு ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்து வந்தது. 1 கட்டை ஸி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரைகள். ஒன்றரை என்றால் ஸி ஷார்ப், ஐந்தரை என்றால் ஜி ஷார்ப்.

ஆனால் படிவம் கேட்பது உங்கள் ஷட்ஜத்தை அல்ல. நீங்கள் சுகமாகப் பாடக்கூடிய அடி ஸ்வரத்தையும் உச்ச ஸ்வரத்தையும். 5 கட்டையில் பாடும் பெண் என்றால் உங்கள் ஷட்ஜம் மிடில் ஸிக்குக் (பியானோவின் நடுவில் இருக்கும் ஸி) கீழே இருக்கும் ஜி. மந்திர பஞ்சமம் அதற்கும் கீழே உள்ள டி, தார பஞ்சமம் மிடில் ஸிக்கு மேலே ஒரு ஸ்தாயி தாண்டி வரும் டி. இது அவர்கள் கணக்கில் ஆல்டோ (தாழ்ந்த பெண் குரல்) அல்லது மெஸ்ஸோ (நடுத்தரப் பெண் குரல்). நெஞ்சுக் குரலின் பலத்தோடு மேலே ஏறிப் பாடுவதை அங்கே பெல்ட் என்பார்கள். பெல்ட் பாட்டுகள் பலவும் தொடும் உச்சம் உங்கள் தார மத்திமமும் பஞ்சமமும்தான். நம் பெண்கள் பலருக்கு இது நன்றாக அமையும் என்பது என் எண்ணம். சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) வேடங்கள் வேறு கதை. அவற்றின் உச்சம் உங்கள் ஷட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே, அதி தார ஷட்ஜத்தைத் தாண்டியும் போகும். அதற்குத் தலைக்குரலைத் தனியாகப் பழக வேண்டும்.

1 கட்டையில் பாடும் ஆண் என்றால் மந்திர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை பாடுவது பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) வரம்பு. டெனர் (உயர்ந்த ஆண் குரல்) நாயகர்கள் அதைத் தாண்டி உங்கள் தார தைவதம், நிஷாதம் வரை ஏறுவார்கள்.

இன்னொரு சிக்கல். 'நான் 5 கட்டை, எனவே ஜி மேஜரில் உள்ள தாளை வாங்கினால் சரி' என்று நினைக்க வேண்டாம். மேற்கத்தியப் பாட்டின் ராகப் போக்கு ஷட்ஜத்தைச் சுற்றியே இருக்கும் என்பதில்லை. ஒரே ஜி மேஜரில் ஒரு பாட்டு உங்களுக்கு அடித்தொண்டையில் போகும், இன்னொன்று எட்டவே எட்டாது. தாளில் எழுதியிருக்கும் மிக உயர்ந்த ஸ்வரமும் மிகத் தாழ்ந்த ஸ்வரமும் எவை என்று பார்த்து வாங்குங்கள்.

இதெல்லாம் தலையைச் சுற்றினால் அந்த இடத்தில் 'தெரியாது' என்று எழுதலாம். இசை இயக்குநர் பியானோவில் ஸ்வரங்களைப் படிப்படியாக ஏற்றி உங்களைப் பாடச் சொல்லி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

வேறென்ன பழக்கங்கள் கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு இடிக்கும்?

கமகம்தான் முதலில். ஒரு ஸ்வரத்தை அசைத்து, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத் தொட்டுப் பாடுவது நமக்கு உயிர். அவர்களுக்கு அது சுருதி நிலைக்கவில்லை என்று கேட்கும். ஸ்வரத்தில் நேராகப் போய் நில்லுங்கள், தாளில் எழுதிய நீளம் முழுக்கப் பிடியுங்கள். அசைவு வேண்டும் என்றால் கடைசியில் கொஞ்சம் சேர்த்தால் போதும். "இதையே நேராகப் பாட முடியுமா?" என்று இசை இயக்குநர் கேட்டால் சந்தோஷப்படுங்கள். உங்களைக் கழித்துக்கட்டுவதாக இருந்தால் அந்தக் கேள்வியே வராது. சொன்னதைக் கேட்டு உடனே மாற்றுகிறீர்களா என்று பார்க்கிறார், அங்கே முக்கியமான சோதனையே அதுதான். முதல் தடவையைவிட நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வேறு மாதிரி இருந்தால் போதும்.

இரண்டாவது ஹார்மனி. கோரஸில் ஒரே சமயத்தில் நாலு வரிகள் ஓடும். உங்கள் பக்கத்தில் நிற்பவர் வேறு ஸ்வரத்தில் பாடுவார், காது அங்கே இழுக்கும். நமக்குத் தம்புரா சுருதியோடு நின்று பழக்கம் உண்டு, ஆனால் பக்கத்தில் இன்னொரு மெட்டு ஓடிப் பழக்கமில்லை. வீட்டில் உங்கள் பகுதியைப் பதிவு செய்து ஒரு காதிலும், முக்கிய மெட்டை இன்னொரு காதிலும் போட்டுப் பாடிப் பாருங்கள். பிறகு உங்கள் பதிவை நிறுத்திவிட்டு அந்த முக்கிய மெட்டுக்கு எதிராகப் பாடுங்கள். சில நாட்களில் பிடிபட்டுவிடும்.

மற்றபடி, சுருதி சுத்தம், தாளம், கேட்டவுடன் பாடம் செய்யும் திறமை ஆகிய மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. கோரஸ் ஒத்திகையில் தாள் படிக்கத் தெரிந்தவர்களே உங்களைப் பார்த்துப் பாட ஆரம்பிப்பார்கள்.

டான்ஸ் கால் என்கிறார்கள். பரதநாட்டியம் மட்டுமே தெரியும்.

நடன இயக்குநர் எட்டு எட்டாக எண்ணும் சுற்றுகள் இரண்டு மூன்று கொண்ட ஒரு துண்டைச் சொல்லிக்கொடுப்பார். கொஞ்சம் பயிற்சிக்குப் பிறகு நாலைந்து பேராக ஆடச் சொல்வார். எண்ணுவது ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று தொடங்கும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கணக்கு சிரமமே இல்லை, பார்த்த அடவை மனத்தில் நிறுத்துவதும் வசப்பட்டதுதான். மாற வேண்டியது உடம்பு. அரைமண்டியில் இறங்கித் தரையைத் தட்டாமல், இடுப்பை உயர்த்தி, குதித்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். யூடியூபில் ஜாஸ் அடிப்படைப் பாடங்கள் சிலவற்றைப் பழகிவிட்டுப் போனால் போதும்.

ஆடவே தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். தப்பினால் நின்று தலையைச் சொறியாமல், சிரித்தபடி அடுத்த எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளுங்கள். பின்வரிசையில் ஒளிந்தால் உங்களைப் பார்க்கவே மாட்டார்கள். வழுக்காத ஷூ, காலை மடக்க வரும் உடை. புடவை வேண்டாம், செருப்பு வேண்டவே வேண்டாம்.

அறைக்குள் போனால் என்ன நடக்கும்?

மேசைக்குப் பின்னால் இயக்குநர், இசை இயக்குநர், நடன இயக்குநர், மேடை மேலாளர், சில இடங்களில் தயாரிப்பாளர். உங்கள் பெயரையும் பாட்டின் பெயரையும் சொல்வீர்கள், பாடுவீர்கள், ஓரிரு கேள்வி கேட்பார்கள், வெளியே வருவீர்கள். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகாது.

நீளமான தமிழ்ப் பெயர் என்பதற்காகச் சுருக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எப்படி உச்சரிப்பது என்று படிவத்தில் எழுதிவிட்டு, உள்ளே போய் நிதானமாக ஒருமுறை சொன்னால் போதும்.

பாடும்போது மேசைக்காரர்களின் கண்ணைப் பார்க்காதீர்கள், அவர்களுக்கு எழுத வேண்டியிருக்கும். அவர்கள் தலைக்குக் கொஞ்சம் மேலே, பின்சுவரில் ஒரு புள்ளியில் நீங்கள் பேசும் ஆள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் தாளம் போடாதீர்கள். இது நம்மவர்களுக்கு மட்டுமே சொல்ல வேண்டிய அறிவுரை. தொடையில் விரல் தானாகத் தட்டும். வரி மறந்தால் ஏதோ ஒரு சொல்லை வைத்துப் பாடிக்கொண்டே போங்கள். "தொண்டை சரியில்லை", "நேற்றுத்தான் கற்றுக்கொண்டேன்" என்று முன்னுரை வைக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் நீங்கள் சொதப்புவதைப் பார்க்கக் காத்திருப்பதாகத் தோன்றும். ஆடிஷன் நாட்களில் கூடவே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்களுக்கு ஆள் தேவை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் 'இவராவது அந்தத் தந்தை வேடத்துக்குச் சரியாக இருக்கட்டும்' என்ற நினைப்புதான் ஓடும்.

வசனம் வாசிக்கச் சொன்னால்?

சைட்ஸ் என்று நாடகத்தின் ஒன்றிரண்டு பக்கங்களைக் கையில் கொடுப்பார்கள். மனப்பாடம் தேவையில்லை. தாளை மார்பு உயரத்தில் பிடித்து, கட்டைவிரலை வரியோரம் நகர்த்திக்கொண்டே போங்கள். வரியின் கடைசிச் சொற்களை எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் பேசும்போது உங்கள் அடுத்த வரியைத் தேடாமல் கேளுங்கள். முதல்முறை வருபவர்களில் கேட்கத் தெரிந்தவர் தனியாகத் தெரிவார்.

என் ஆங்கிலத்தில் தமிழ் வாடை அடிக்கிறது. குறையாகப் பார்ப்பார்களா?

உச்சரிப்பைவிட வேகம்தான் தடை. நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில், வேகமாகப் பேசுகிறோம். முக்கியமான சொல்லில் அழுத்தம் கொடுத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் பேசினால் கடைசி வரிசை வரை புரியும். அமெரிக்க உச்சரிப்பைப் பாதியில் பிடித்து, பாதியில் விட்டுவிடுவது கேட்க மோசமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட உச்சரிப்பு வேண்டும் என்றால் கால்பேக்கில் கேட்பார்கள்.

நம் நிறத்தில் இருப்பவர்களுக்கு வேடம் கொடுப்பார்களா?

பல அறிவிப்புகளில் 'எல்லா இனத்தவரும் வரலாம்' என்று இருக்கும், பெரும்பாலான குழுக்கள் மனதாரத்தான் எழுதுகின்றன. சில நாடகங்களின் கதையே ஒரு குறிப்பிட்ட இனத்தின் அனுபவத்தைச் சார்ந்தது. அவற்றில் அந்த வேடங்களை அந்த மக்களுக்கே விடுவது நியாயம். குடும்பமாக வரும் வேடங்களில் 'ஒரே ஜாடை' தேடும் இயக்குநர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டு மூன்று நாடகங்களை முதலில் ரசிகராகப் போய்ப் பாருங்கள். மேடையில் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்பது அந்த அறிவிப்பு வாசகத்தைவிட நம்பகமானது.

கால்பேக் வரவில்லை. அவ்வளவுதானா?

இல்லை. ஒரு வேடத்துக்கு யார் என்று தெளிவாகாத இடத்தில்தான் மீண்டும் கூப்பிடுகிறார்கள். முதல் நாளிலேயே உங்களை ஓர் இடத்தில் பொருத்திவிட்டார்கள் என்றால் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. கால்பேக்குக்குப் போனால் நாடகத்தின் பாட்டையே கொடுத்துப் பாடச் சொல்வார்கள், ஆட்களை மாற்றி மாற்றி ஜோடியாக நிறுத்தி வாசிக்க வைப்பார்கள். யாருடைய உயரம் யாரோடு ஒத்துவருகிறது, யாருடைய குரல் யாருடையதோடு கலக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

நன்றாகப் பாடினேன். ஆனாலும் எடுக்கவில்லையே, ஏன்?

நாயகியாக எடுத்தவர் ஐந்தடி என்பதால் ஆறடி நாயகன் வேண்டாம் என்று முடிவாகியிருக்கலாம். கோரஸில் ஆல்டோ நிரம்பியிருக்கலாம். இந்த ஆடிஷன்களில் எப்போதும் பெண்கள் கூட்டமும் ஆண்கள் பஞ்சமும்தான். சுமாராகப் பாடும் ஆண் உள்ளே போய், அருமையாகப் பாடும் பெண் வெளியே நிற்பது வருத்தமானது, ஆனால் அடிக்கடி நடப்பது. பெண்கள் இதைத் தங்கள் குரலுக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணம் கேட்டு நீளமான மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம், நன்றி சொல்லி இரண்டு வரி போதும். மேடைக்குப் பின்னால் வேலை செய்ய வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள். பொருட்களை எடுத்துக் கொடுப்பது, திரையை இழுப்பது, உடை மாற்ற உதவுவது என்று ஒரு நாடகம் முழுக்க உள்ளே இருந்துவிட்டால் அடுத்த ஆடிஷனில் நீங்கள் தெரிந்த முகம்.

கோரஸில் போட்டிருந்தால் அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். பெரிய மியூசிக்கலில் கோரஸ்தான் ஊர்மக்களாகவும் மாலுமிகளாகவும் பேயாகவும் மாறி மாறி மேடையேறும். நாயகனைவிட அதிக உடை மாற்றுவதும் அதிக ஸ்வரம் பாடுவதும் அவர்கள்தான்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

குழந்தைகள் நடிப்பதற்கென்றே சுமார் ஒரு மணி நேரமாகச் சுருக்கிய பதிப்புகள் உண்டு, பெயரின் முடிவில் 'ஜூனியர்' என்று இருக்கும். வந்த எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் குழுக்களும் இருக்கின்றன. பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும், கதவிடுக்கில் நின்று வாயசைத்து வரி எடுத்துக் கொடுக்கக் கூடாது. மற்ற குழந்தையின் பாட்டைப் பற்றிக் காத்திருப்பு அறையில் தமிழில் விமர்சனம் செய்வதையும் தவிர்க்கலாம், பக்கத்து இருக்கையில் இன்னொரு தமிழ் அம்மா இருப்பார். பெற்றோரும் உடை தைக்க, நொறுக்குத்தீனி விற்க என்று சில மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கும்.

ஊரில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ எடுத்து அனுப்பலாமா?

இதை முதல் ஒத்திகையிலேயே கேட்பார்கள். மியூசிக்கல்களை எம்டிஐ, கான்கார்ட் போன்ற உரிமை நிறுவனங்களிடம் கட்டணம் செலுத்தி, ஒப்பந்தம் போட்டுத்தான் மேடையேற்ற முடியும். பதிவு செய்யவும் நேரலையாக ஒளிபரப்பவும் தனி அனுமதி வேண்டும், பல நாடகங்களுக்கு அது கிடைக்காது. அதே ஒப்பந்தத்தால்தான் இயக்குநர் வசனத்தில் ஒரு சொல்லைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடிவதில்லை. நிகழ்ச்சியின்போது கைப்பேசியைத் தூக்கினால் வாசலில் இருப்பவர் வந்து நிறுத்தச் சொல்வார். வீட்டில் உங்கள் பகுதியைப் பாடி அழைப்பில் காட்டலாம். பாட்டி விசாவோடு வரும் மாதங்களில் எந்த நாடகம் என்று பார்த்து அதற்கு ஆடிஷன் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் விமான நிலையத்துக்குப் போகும் நாளைக் கான்ஃப்ளிக்ட்ஸ் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.